சனிக்கிழமைப் பூஞ்சை

"இன்னொரு தடவை அந்தப் பிடியை அழுத்தினீங்கன்னா உள்ளே இருக்கிற அத்தனை பேரும் செத்துடுவாங்க, டாக்டர்."

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் ஃபரங்கீஸ் ஓடிவந்த வேகத்தில் மருந்து தெளிப்பானின் குழாயை மடக்கிப் பிடித்தாள். இயக்குநர் நீக்பக்த் கையில் பிடியும், முகத்தில் எரிச்சலுமாக நின்றார்.

அந்த 'அத்தனை பேரும்' உள்ளே பெட்டிக்குள் இளஞ்சூட்டில் வளர்ந்துகொண்டிருந்த நாற்பது லட்சம் தோல் செல்கள். எல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தம். இஸ்ஃபஹானில் ரொட்டி அடுப்பு வெடித்து முதுகும் இரண்டு கைகளும் வெந்துபோன யதுல்லா, கீழ்மாடியில் குப்புறப் படுத்தபடி அவற்றுக்காகக் காத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு அறுவை சிகிச்சை.

இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை வளர்த்த செல்களைப் பூஞ்சை கொன்றது. இரண்டாவது தடவை இயக்குநர் கொன்றார்.

பூஞ்சையை ஒழிக்கிறேன் என்று அவர் இரண்டு மடங்கு மருந்து அடித்ததில், அதன் ஆவியே செல்களை முடித்துவிட்டது. செல் வளர்க்கும் அறை மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது. பிணவறையும் அப்படித்தான் இருக்கும்.

"அப்போ பூஞ்சையை அப்படியே விட்டுடச் சொல்றீங்களா, கானும்?" 'அம்மணி' என்கிற அந்த மரியாதைச் சொல்லும் அவர் வாயில் அதட்டலாகவே வந்தது.

"வியாழக்கிழமையே அளவா மருந்து அடிச்சாச்சு, டாக்டர். வெள்ளி முழுக்க காத்தை மாத்தி, வாடை சுத்தமா அடங்கினப்புறம்தான் செல்லை உள்ளே கொண்டுவந்தோம். இனிமே அடிச்சா இதுவும் போயிடும். நாலாவது தடவை வெட்டி எடுக்க அந்த மனுஷன் உடம்புல நல்ல தோல் இல்லை."

இயக்குநர் யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது வேலை போகும் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"தரை துடைக்கிறது யாரு? சௌலத் கானும்தானே? பூஞ்சை அவங்க கூடத்தான் வருது. இன்னியோட கணக்கை முடிச்சு அனுப்புங்க."

பதினான்கு வருடமாக அங்கே தரை துடைக்கும் சௌலத், துடைப்பத்தோடு மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

"ஆமாங்க டாக்டர், தினமும் டப்பாவுல கட்டிட்டு வர்றேன். ஊறுகாய்க்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் இருக்கும் பாருங்க, அதுல பூஞ்சை."

சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

ஃபரங்கீஸ் கையிலிருந்த தாள்களை மேஜையில் விரித்தாள். அறைக்குள் காற்றழுத்தம் எவ்வளவு என்று ஒரு முள் நாள் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். கோடு மேலே இருந்தால் வெளித்தூசி உள்ளே வராது.

"வெள்ளிக்கிழமை எடுத்த காத்துல ஒண்ணும் இல்லை, டாக்டர். சனிக்கிழமை எடுத்ததுல மட்டும்தான் பூஞ்சை. இதைப் பாருங்க. ஆறு வாரமா, ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில எட்டு அம்பதுக்கு முள் விழுது. நாலு நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை. யாரோ உள்கதவைத் திறந்து பிடிச்சுட்டு நிக்கிறாங்க."

"கதவு திறந்திருந்தா அலாரம் அடிக்குமே?"

"ரமலானுக்கு முன்னாடி நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க? வர்ற பெரியவங்க காதைக் குடையுதுன்னு."

இயக்குநர் அது காதில் விழாதவர்போலச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கும் சனிக்கிழமைதானே? ஒன்பது மணி வரைக்கும் உங்களுக்கு நேரம். அந்த ஆளைப் பிடிங்க. இல்லைன்னா சௌலத் கானும் கிளம்பலாம், நானும் மருந்தை அடிச்சுடுவேன்."

சொல்லிவிட்டு மேல்கோட்டைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினார். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் ஃபர்சாம் சனிக்கிழமைதோறும் ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வருவார். வாசல்வரை போய் அவரை அழைத்துவருவதில் இயக்குநர் ஒரு குறையும் வைத்ததில்லை.

ஃபரங்கீஸும் சௌலத்தும் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"சனிக்கிழமை இந்த நேரம் நீ எங்கே இருப்பே?" ஃபரங்கீஸ் முகமூடிக்குள்ளிருந்து கேட்டாள்.

"கீழே வாளி கழுவிட்டு இருப்பேன். நீங்க?"

"வார்டுல. இன்னிக்குத்தான் போகலை."

"அதான் பார்த்து வர்றான், படுபாவி. ரெண்டு பேரும் இல்லாத நேரம். பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"நான் எதுக்குப் பண்ணணும்? டாக்டர் பார்த்துப்பார்."

"அவன் என் கையில கிடைக்கட்டும். இந்த வாளித் தண்ணியிலேயே முக்கி எடுக்கிறேன்."

ஃபரங்கீஸ் பெட்டியிலிருந்து குடுவையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குள் செல்களைப் பிரித்துத் தயார்செய்ய வேண்டும். ஆனாலும் மூடியைத் திறக்கவில்லை. எட்டு ஐம்பது தாண்டட்டும் என்று முள்ளைப் பார்த்தபடி இருந்தாள்.

எட்டு நாற்பத்தொன்பது.

சௌலத் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டாள்.

உள்கதவு திறந்தது. வாசலில் இரண்டு உருவங்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உறை, கண் மட்டும்தான் தெரிந்தது. இரண்டும் உள்ளே வரவில்லை.

ஓர் உருவம் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துக் குனிந்தது. மற்றது ஓரடி பின்வாங்கி, அதைவிட அதிகமாகக் குனிந்தது. முள் பதினைந்திலிருந்து பதினொன்றுக்கு வந்தது. பிறகு ஆறு. பிறகு இரண்டு.

ஃபரங்கீஸ் குடுவையின் மூடியை இன்னும் இறுக்கினாள். சௌலத் வாளியை ஓசையில்லாமல் கீழே வைத்தாள்.

கதவைப் பிடித்திருந்த உருவம் வாய் திறந்தது.

"அது மட்டும் நடக்காது உஸ்தாத், உங்க காலடித் தூசி நான், நீங்கதான் முதல்ல."