சுரண்டிய முகம்

"ஞாயிற்றுக்கிழமை அப்பாவோட முப்பத்தோராம் நாள் காரியம். நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள் மீனலோசனி.

கிள்ளானிலிருந்து பஸ் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் பெரியப்பா வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்திருந்தாள். அப்பாவின் அண்ணன் வீரசிங்கத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஐம்பத்தெட்டாம் வருஷம் அப்பா தியாகராசா கேரி தீவுத் தோட்டக் கூலிக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது பெரியப்பா தம்பிக்குச் சாத்திய கதவு. இருபத்தாறு வருஷமாகத் திறக்கவில்லை.

அப்பா செத்த தகவல் போயும் மனிதர் வரவில்லை.

ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேசை நிறையப் பழைய காசுகள்.

என்ன பேசுவதென்று தெரியாமலோ என்னவோ, ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ரோமாபுரிக் காசு, பிள்ளை. லண்டனில இருந்து தபாலில எடுப்பிச்சனான்." பேசிப் பல நாளான குரல், கரகரத்தது. "அந்தக் காலத்தில பேப்பர் இல்லை, ரேடியோ இல்லை. ராசா சொல்ல நினைச்சதைக் காசில அடிச்சுத்தான் சனத்துக்குச் சொல்லுவான். இதில அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் பாத்தபடி. நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டு எண்டு அர்த்தம்."

காசில் ஒரு முகம்தான் இருந்தது. எதிரே வெறும் கீறல்.

"தம்பி எங்க?"

"அண்ணனே கொலை செய்விச்சுப்போட்டான். பிறகு தம்பியின்ர முகம் எங்கயும் இருக்கக் கூடாதெண்டு கட்டளை. காசில இருந்ததையும் சுரண்டிப்போட்டாங்கள்."

மீனலோசனி காசை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு போட்டோ. நாற்காலிகளில் இரண்டு வாலிபர்கள். ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். மற்றவனின் முகத்தைப் பிளேடால் வெள்ளையாகச் சுரண்டியிருந்தது.

அவள் போட்டோவைக் காட்டினாள்.

"நீங்களும் அதைத்தானே செஞ்சிருக்கீங்க, பெரியப்பா."

அவர் அந்தக் காசை எடுத்து மற்றக் காசுகளோடு சேர்த்தார்.

"அப்பாவோட வாலிப வயசுப் படம் ஒண்ணுகூட எங்க வீட்டுல இல்ல. எப்படி இருந்தார்னே எனக்குத் தெரியாது. இருந்த ஒண்ணையும் நீங்க சுரண்டி வச்சிருக்கீங்க. அவர் கடைசி வரைக்கும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. செத்ததுக்காவது வந்திருக்கலாம்லா?"

"எந்த முகத்தோட வாறது, பிள்ளை?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்படியில் கால் வைத்தபோது பின்னால் நாற்காலி நகரும் சத்தம். வீரசிங்கம் அந்தப் போட்டோவைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

"காரியத்துக்குப் படம் வைக்க வேணுமெல்லோ. இதைக் கொண்டு போ."

"உங்க படத்தை வச்சு நாங்க கும்பிடுறதா?"

"வடிவாப் பார்" என்றார் அவர். "சிரிச்சுக்கொண்டிருக்கிறது உன்ர அப்பா."