பிரித்துப் போட்ட என்ஜின்

நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த வாடகைக் கார் அது. "இந்த என்ஜினுக்கே வேலை பாத்து ஓட்டலாமா பாய், இல்ல பெரிய என்ஜினா ஏத்திடலாமா?" என்று அதை ஓட்டிப் பிழைக்கும் ரங்கதுரை கேட்டபோது, "பிரிச்சுப் பாத்துத்தான் தம்பி சொல்லணும்" என்றார் மெக்கானிக் இதாயத்துல்லா பாய். பிரித்தார், பார்த்தார், சொல்ல வந்தவர் கை துடைக்கிற துணியோடு பட்டறை வாசலிலேயே சரிந்துவிட்டார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. அடுத்தவர் பிரித்த என்ஜினில் கை வைக்க ஊரில் வேறு மெக்கானிக் யாரும் சம்மதிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாயின் ஒரு பக்கம் கட்டையாகக் கிடந்தது. மறு கையின் விரல்கள் மட்டும் போர்வைமேல் எதையோ திருகிக்கொண்டே இருந்தன. "தூங்குறப்பவும் இதேதான் தம்பி" என்றாள் அவர் மனைவி.

ரங்கதுரை குனிந்தான். "பாய், வேலை பாத்தாப் போதுமா? எனக்குப் பொழப்பே அதுதான் பாய்."

பாயின் கண்கள் அவனையே பார்த்தன. விரல்கள் திருகின. முடுக்கினால் இதே என்ஜின், கழற்றினால் பெரியது என்று பதில் சொல்கின்றனவோ? அவை முடுக்குகின்றனவா, கழற்றுகின்றனவா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. தன் கட்டைவிரலை அந்தக் கைக்குள் வைத்தான். பாய் அதைப் பதமாகப் பற்றி, அவசரமே இல்லாமல், கழற்றுகிற பக்கமாகத் திருகத் தொடங்கினார்.

"விரலை எடுத்துக்குங்க தம்பி, வலிக்கப்போகுது" என்றாள் மனைவி.

வலித்தது. அவன் எடுக்கவில்லை. எப்படியும் ஓரிடத்தில் நிறுத்தி, பாய் திரும்ப முடுக்குவார் என்று காத்திருந்தான்.