நானூறு அடி

சவேதாவுக்கு எழுபத்தோரு வயது. இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது. அவள் நடக்கும் அடியையும் நாடியையும் கணக்கெடுக்க ஆஸ்பத்திரி கொடுத்த கைக்கடிகாரம் இரண்டு மாதமாக அனுப்பிய விவரம் டாக்டர் லிவியாவின் கணினியில் இருந்தது.

"ஒரு நாளைக்கு நானூறு அடிதான் நடக்கிறீங்க. கட்டிலை விட்டே இறங்கறதில்லையாம்மா?"

சவேதாவின் கணவர் த்ராயன் சிரித்தார்.

"நான் சொன்னா கேட்டாத்தானே டாக்டர்? இந்த லட்சணத்துல வெந்நீர் ஊற்று விடுதிக்கு மூணு வாரம் அனுப்பச் சொல்லி உங்ககிட்ட சீட்டு வேற கேக்கப்போறாளாம். இங்க படுத்தது போதாதுன்னு அங்க போய்ப் படுக்கணும்."

"சாயங்காலமானா நாடி தாறுமாறா ஓடுது. பிளம் பிராந்தி குடிக்கிறீங்களாம்மா?"

"நான் தொட்டதே இல்ல டாக்டர்."

"அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் கழற்றிக் குடுங்க."

சவேதா அசையவில்லை. த்ராயன் மெதுவாகத் தன் கோட்டுக் கையை மேலே தள்ளி, தன் மணிக்கட்டிலிருந்து அதைக் கழற்றினார்.

"நல்ல கடிகாரம் டாக்டர். இவ பன்னிக் கொட்டகையில சேத்துல போட்டு நாசமாக்கிடுவா. நாலு பேரு பார்க்க நான் கட்டினா என்ன?"

டாக்டர் இரண்டு சீட்டுகள் எழுதினார். சவேதாவுக்கு மூன்று வாரம் வெந்நீர் ஊற்று விடுதி. த்ராயனுக்கு நாளைக்கே இ.சி.ஜி.; பிராந்தி கூடாது, தினமும் ஆறாயிரம் அடி நடக்க வேண்டும்.

"ஆறாயிரமா? நான் எங்க போய் நடப்பேன்?"

சவேதா தன் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கிணத்துக்கும் பன்னிக் கொட்டகைக்கும் நடங்க. மத்தியானத்துக்குள்ள ஆறாயிரம் தாண்டிடும்."