கேஸை அணைச்சாச்சா?

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கூச்சம் என்பதே கிடையாது. போன மாதம், காலையில் நான் கழித்ததை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். வாரக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். இன்று என் மகளையும் கூட உட்கார வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இதைப் பேசும்போதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மகள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். நேரில் பார்த்து எத்தனையோ மாதமாகிறது.

ஊரின் அந்தக் கோடியில் அவள் வீடு, இந்தக் கோடியில் என் வீடு. என்னைப் பார்க்கக் கிளம்புவாள். அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்விடுவாள். அப்படித் திரும்பித் திரும்பியே ஆபீஸ் வேலையும் போயிற்று.

மாத்திரையெல்லாம் பார்த்தாயிற்று. இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள். மனத்தில் இருக்கும் இந்தச் சந்தேகத்துக்கும் குடலில் இருக்கும் கிருமிக்கும் சம்பந்தம் இருக்கலாமாம். ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒருவர் வயிற்றுக் கிருமியை எடுத்து இவள் வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களாம். ஆராய்ச்சிதான், நிச்சயமில்லை என்றும் சொன்னார்கள். அந்த மட்டுக்கு யோக்கியம்.

வீட்டு ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டபோது மகள் என்னைத்தான் சொல்லியிருக்கிறாள். எங்கப்பா தன் கையால் சமைத்துத்தான் சாப்பிடுவார், கீரை, பயறு, காய் எதையும் விடமாட்டார் என்று.

எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று. இந்த வயதில் பெற்ற பிள்ளைக்கு என்னால் ஆகிற காரியம் ஒன்று மிச்சம் இருக்கிறதே! அது எதுவாக இருந்தால் என்ன?

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாது."

"ஏன், வியாதியா?"

"வியாதி இல்ல. இருக்கவேண்டிய கிருமிங்க பாதிக்கு மேல இல்ல. கீரையும் காயும் சாப்பிடறவங்க வயிறு இப்படி இருக்காது. ரொம்ப நாளா ரொட்டி, டீ, பிஸ்கட்டுன்னு ஓட்டுறவங்களுக்குத்தான் இப்படி இருக்கும்."

நான் காலமெல்லாம் லாரி ஓட்டியவன். "அதே லாரி, அதே லோடு. ஒரு எடைமேடையில ஒரு கணக்கு வரும், அடுத்ததுல வேற கணக்கு வரும். உங்க மிஷின் மட்டும் சத்தியசந்தனா?"

மகள் குறுக்கே பாய்ந்தாள். "டெய்லி சமைக்கிறாரு டாக்டர். நான்தான் போன் பண்ணிப் பண்ணிக் கேக்குறேனே, கேஸை அணைச்சாச்சான்னு."

"எத்தனை தடவை கேப்பீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பத்து தடவை கேப்பா, இருபது தடவை கேப்பா. கேட்டுட்டுப் போகட்டும். என் சொத்தா கரையுது?" என்றேன்.

அப்பா, அணைச்சாச்சா என்பாள். அணைச்சாச்சு என்பேன். குமிழைத் திருப்பிப் பார்த்தீர்களா என்பாள். பார்த்தேன் என்பேன். வைத்துவிடுவாள். உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் மறுபடி அடிக்கும். சில நாள் நடுவில், அங்கே மழை பெய்கிறதா என்றும் கேட்பாள். அந்தப் போனில் வேறு யாரும் கூப்பிடுவதில்லை.

டாக்டரம்மா குரலைத் தணித்தார். "ஐயா, நீங்க 'அணைச்சாச்சு'ன்னு ஒரு தடவை சொன்னா, அவங்களுக்கு அடுத்த தடவை கேக்கத் தோணும். நீங்க சொல்லச் சொல்ல இது வளரும். உண்மையைச் சொல்லுங்க, வீட்டுல அடுப்பு எரியுதா?"

நான் பதில் சொல்வதற்குள் மகள் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, இன்னைக்குக் கிளம்பறப்ப அணைச்சீங்கதானே?"

ஒரு வார்த்தை போதும். அவள் தலையிலிருந்து ஒரு பாரத்தையாவது அங்கேயே இறக்கி வைத்திருக்கலாம். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

"அணைச்சேன்மா."

"குமிழை?"

"திருப்பிப் பாத்தேன்."

அவள் மூச்சு விட்டாள். டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற நல்ல வயிறாப் பாருங்க," என்று எழுந்து வெளியே வந்தேன்.

கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம். அது என் மகள் மனத்தைப் பிடித்து ஆட்டுகிறதாம். நான் எதைத் தின்று உயிரோடிருக்கிறேன் என்று அதற்குத் தெரியுமாம். படித்தவர்கள் சொன்னால் தலையாட்டிவிட வேண்டுமாக்கும்.

என் வீட்டு அடுப்பில் கேஸே கிடையாது. மனைவி போன கையோடு சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒற்றை ஆளுக்கு எவன் அடுப்பு பற்றவைப்பான்?

அதை அங்கே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அவள் எதைக் கேட்க எனக்குப் போன் பண்ணுவாள்? மனம் நன்றாக இருக்கிற பிள்ளைகள் அப்பனைக் கூப்பிட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

பின்னாலிருந்து "அப்பா" என்று அவள் குரல் கேட்டது. மிஷின் சொன்னதை நான் நம்பவில்லை. கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கி நடந்தேன்.