வண்டு இரைச்சல்

"டாக்டரய்யா, பொறவியிலேயே நெஞ்சுக்குள்ள கோளாறுன்னா, அதை எந்த வயசுலயும் சரியாக்கலாமா?"

குற்றாலம் அருவிக்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்த ஆவுடைநாயகத்தின் மார்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டான் சுடலைக்கண்ணு.

ஊரார் நெஞ்சுக்கெல்லாம் குழாய் வைத்துப் பார்க்கும் சிவகிரி டாக்டர் அவர். பத்து வருஷமாகச் சாரல் காலத்தில் குளிக்க வந்தால் இவன் கையைத் தவிர வேறு கைக்கு உடம்பைக் கொடுத்ததில்லை. படியேறி வந்த இரைப்பு இன்னும் அடங்கவில்லை. தொந்தி போட்டதன் கூலி என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டிருந்தார்.

"யாருக்குலே?"

"நமக்கு வேண்டிய ஒருத்தருக்குத்தான். நெஞ்சுல கை வச்சா வண்டு இரையுத மாதிரி இருக்கு."

டாக்டருக்குச் சுருக்கென்றது. போன சாரலில் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து நின்று மூச்சு வாங்கிய இவன் மகள் தங்கத்தாயை இந்தத் தடவை காணவே காணோம். பாவிப்பயல், பெற்ற மகளின் நோயை ஊர்க்கதை மாதிரியல்லவா கேட்கிறான்!

"இதயத்துலேருந்து நுரையீரலுக்கு ரத்தம் போற வழியில ஒரு வால்வு உண்டு, கதவு மாதிரி. அது பொறக்கும்போதே ஒட்டிக் கெடந்தா, ரத்தம் இடுக்கு வழியா பீச்சியடிக்கும். அதான் அந்த இரைச்சல். மருந்துக்குக் கேக்காது. வேலூர்ல ஆப்பரேசன் பண்ணிப் பிரிச்சு விடுதாங்க."

"சும்மா விட்டா?"

"தள்ளித் தள்ளியே இதயம் ஓஞ்சு போயிரும்லே!" அந்தப் பிள்ளை மேல் அவருக்கு அத்தனை பிரியம். "கடுதாசி நான் தாரேன். வேணும்னா கூடவும் வாரேன்."

"நெஞ்சைக் கீறணும்னா பயமா இருக்காதா? நீங்களா இருந்தா போவியளா?"

"நாளைக்கே ரயிலேறிருவேன்."

"சத்தியமா?"

"குற்றாலநாதர் மேல சத்தியம்! தங்கத்தாயை எப்பலே கூட்டிட்டுப் போற?"

சுடலைக்கண்ணுவின் உள்ளங்கை அவருடைய இடது மார்பில் அசையாமல் நின்றது.

"அவளைத் தை மாசமே வேலூர்ல சரியாக்கிட்டாவ ஐயா, இப்ப பள்ளிக்கூடத்துக்கு ஓடுதா. ஆப்பரேசனுக்கு முந்தி அங்கன பெரிய டாக்டர் என் கையை எடுத்து அவ நெஞ்சுல வச்சுக் காட்டின பெறகுதான், பத்து வருசமா ஒங்க நெஞ்சுல என் கைக்கு அடியில இரையுத இந்த வண்டு என்னன்னு வெளங்கிச்சு. நாளைக்கு வண்டிக்கு நானும் கூட வாரேன்."