முப்லிஹாவின் படங்கள்

ஏறாவூர் ஸ்டூடியோக்காரர் தந்த கடவுச்சொல் ஆறு மணியோடு மாறிவிடும். ஐந்தே முக்கால் ஆகியும் முஸம்மிலின் விரல்கள் கட்டளையைப் பிழையாகவே தட்டின. மனைவி முப்லிஹா மௌத்தாகி, அடக்கம் செய்து நான்கு மாதம். அவளுடைய கல்யாணப் படங்கள் முழுவதும் ஸ்டூடியோவின் இணையச் சேமிப்பான எப்.டி.பி. சேர்வரில்தான் கிடந்தன. கோப்புகளை ஒத்திசைக்கும் மென்பொருளைப் பற்றி நண்பன் இஷாம் போனில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

“இப்ப கனெக்ட் ஆகுதா மச்சான்?”

“ஆகிட்டு. எண்ணூற்றிப் பன்னிரண்டு படம் காட்டுது.”

“அல்ஹம்துலில்லாஹ். இனி வடிவாக் கேளு. இது சேர்வரையும் உன்ட கம்பியூட்டரையும் ஒரே மாதிரி ஆக்கிற சாமான். திசைய மாத்திப் போட்டா, உன்ட கம்பியூட்டர்ல இல்லாத படமெல்லாம் சேர்வர்லயும் அழிஞ்சிரும். எங்க, போட்டத வாசி.”

முஸம்மில் வாசித்தான்.

“பொறு, பொறு. தலைகீழாப் போட்டிரிக்காய். உன்ட போல்டர்ல எத்தின படம் இரிக்கி?”

“ஒண்டுமில்ல.”

“விசரா உனக்கு? என்டரத் தட்டினா அங்க ஒரு படமும் மிஞ்சாது.”

“அதுக்குத்தான் மச்சான் உன்னக் கேட்டன். கடைசியா ஆஸ்பத்திரியில வெச்சு அவ கேட்டது இது ஒண்டுதான். நான் போன பொறகு என்ட படம் ஒருத்தர்ட கண்ணுலயும் படக்கூடாது, எல்லாத்தையும் அழிச்சிருங்க எண்டா.”



“உனக்கெண்டு ஒண்டாவது எடுத்து வெச்சியா?”

“இல்ல” என்ற முஸம்மில், என்டரைத் தட்டினான்.