பேர் சொன்னா ஒரு மார்க்

ஒரு குளத்துல புது ரூல்! யார் பேரை மத்தவங்க அதிகமா சொல்றாங்களோ, அவங்க சொல்படிதான் எல்லாரும் நடக்கணும். எண்ணுற வேலை ஆமைக்கு.

நண்டு கரை முழுக்க அலைஞ்சு பாம்புப் பொந்தைக் கண்டுபிடிச்சு, "அந்தப் பக்கம் போகாதீங்க"ன்னுச்சு. எல்லாரும் தப்பிச்சாங்க, அது பேரை மறந்துட்டாங்க.

தவளை, "பாம்பு சுத்த சைவம்"னுச்சு. அவ்ளோதான், குளமே கொதிச்சுது! "தவளை புளுகுது!" "தவளைக்குப் பைத்தியம்!"

தவளைக்கு நூத்திப் பன்னெண்டு மார்க். நண்டுக்கு ரெண்டு.

"திட்டினதையுமா சேர்ப்பீங்க, ஆமையண்ணே?"ன்னு நண்டு கேட்டுச்சு.

"பேர் வந்துச்சுல்ல தம்பி? எனக்கு எண்ணத்தான் தெரியும்."

முதல் ரேங்க் தவளை உடனே அறிவிச்சுது: "குட்டிங்க எல்லாம் பாம்பு வீட்டுக்கு டூர்!"

நண்டு ஓடிப்போய்ப் பொந்து வாசல்ல மறிச்சுது.

"ரெண்டு மார்க்கு, வழி விடுங்க"ன்னு குட்டிங்க வரிசையா உள்ள போச்சுங்க.